பாத்திக்குக் காவல்

தூறலில் மண்டியிட்டு, கணவர் களையென்று பிடுங்கிக் குவித்ததிலிருந்து ஃபாக்ஸ்குளோவ் பூச்செடிக் கன்றுகளைப் பொறுக்குகிறாள் தையல்காரி. சாம்பல் பச்சை இலைகளின் பூனைமயிரில் ஈரம் ஒட்டி நிற்கிறது. வேர் வாடும் முன் ஒவ்வொன்றாகப் பாத்தியில் ஊன்றி, கையுறை விரல்களால் மண்ணை அழுத்துகிறாள். “பூவே இல்லையேம்மா, வெறும் இலைதானே இருந்துச்சு,” என்கிறார் கணவர், அவள் தலைக்கு மேல் குடை பிடித்தபடி. “முதல் வருஷம் இலைதான் விடும். அடுத்த வருஷந்தான் பூக்கும்.” “இனிமே பொழைக்குமா?” “பொழைக்க வைப்பேன்.” மறுபடி அவர் கை வைக்காமலிருக்க, சமையலறை ஸ்பூன்களைக் கன்றுக்கொன்றாக அடையாளத்துக்குக் குத்தி வைக்கிறாள். கடைசி ஸ்பூனும் மண்ணில் இறங்குகிறது. “அப்ப சூப்பு எப்படிக் குடிக்கிறது?” “கிண்ணத்தோட தூக்கிக் குடிங்க. இது பூக்கிற வரைக்கும்.”