எமிலி வார்டின் அம்மா

"படிச்சேன் சார். அவளுக்க அம்மா கப்பல் துறையில நிக்குத இடத்துல அழுகை வந்துட்டு."

ஜெயபாய் இப்படிச் சொன்னது, எமிலி வார்டைப் பற்றி நாவல் எழுதிய செல்வதாசுக்குப் போதுமாக இருந்தது. அவருக்கே பிடித்த அத்தியாயம் அது. இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது, பிழை ஏதும் கண்ணில் பட்டிருந்தால் சொல்லுங்கள் என்றார்.

ஜெயபாய்க்குப் பூதப்பாண்டியில் துணிக்கடை. வீடு கல்லறைத் தோட்டத்தை ஒட்டி. ஈஸ்டருக்கு முன்பு எமிலி வார்டின் கல்லறைக்கு வெள்ளையடிப்பது அவர்தான். சபைக்குச் செய்யும் ஊழியம் என்று செல்வதாஸ் நினைத்திருந்தார்.

கல்லில் பெயரும் 1859 என்ற வருடமும் மட்டுமே உண்டு. மீதியைத் தேடி செல்வதாஸ் லண்டன் வரை போனார். மிஷன் அறிக்கையில் இரண்டு வரி கிடைத்தது. பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தாள்; பத்தொன்பது வயதில் காலராவில் இறந்தாள். அம்மாவைப் பற்றி ஒன்றுமில்லை. அந்த அம்மாவைத்தான் அவர் எழுதினார். மகள் போன கடலைப் பார்த்தபடியே கிழவியானவள்.

"இங்க யாருட்டயாவது கேட்டியளா?"

வெள்ளைக்காரியைப் பற்றி இங்கே யாரிடம் கேட்பது என்று சிரித்தார்.

ஜெயபாய் காப்பி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"லண்டனுக்குப் போனவருக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான் நெனச்சேன். அம்மாவ மட்டும் மாத்தணும் சார்."

முடியாது என்றார் செல்வதாஸ். இருவருக்கும் நடுவே நாலு மாதக் கப்பல் தூரம். நாவலே அதன்மேல்தான் நிற்கிறது.

"அந்தத் தூரந்தான் தப்பு."

ஜெயபாய் சன்னலைத் திறந்தார். கல்லறைகள். மதில். அதற்கப்பால் வயல், வயலின் மறுகரையில் தென்னைகள்.

"அந்தத் தென்னை நிக்குத எடத்துலதான் அம்மைக்க குடிசை. வயலோட சேத்து வித்த அடிமை. வயல விட்டு வெளிய விடமாட்டாவ. வரப்புல நின்னே மகளப் பாத்துட்டுப் போவாளாம்."

யாருடைய மகளை என்று கேட்டார் செல்வதாஸ். குரல் இறங்கியிருந்தது.

"எங்க குடும்பத்துப் பிள்ளைதான் சார். இங்க மிஷன் பள்ளிக்கூடத்துல தங்கிப் படிச்சவ. எமிலி வார்டுங்கது அவளுக்க படிப்புக்குப் பணம் அனுப்பின சீமைக்காரிக்க பேரு. அப்பம் மிஷன்ல அப்படித்தான், பணம் குடுத்தவங்க பேரத்தான் பிள்ளைக்கு வைப்பாவ. எங்க பிள்ளைக்க பேரு என்னன்னு எங்களுக்கே தெரியாது."