கண்ணுக்குள் ஒரு நிரல்

புதிய இயங்குதளம் ஏறிய அன்று காலை, மணிமாறனின் செயற்கைக் கண்கள் இருண்டுவிட்டன. அந்தக் கண்களை இயக்கும் செயலியை மென்பொருள் பொதியாகக் கட்டி அனுப்புவது அவன் மனைவி பூங்கோதையின் வேலை. செயலி புதிதாக ஏறும்போதெல்லாம் இணையத்தின் பொதுத்தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் ஒரு சின்ன நிரலை, எழுதியவரே அங்கிருந்து நீக்கியிருந்தார். யாழ்ப்பாணத்தில் இருந்த அவரை அழைத்தாள்.

"ஆரின்ரையோ கண்ணுக்க அது ஓடுதெண்டு எனக்குத் தெரியாது, தங்கச்சி. ஒருத்தரும் பாவிக்கேல்லையெண்டு எடுத்திட்டன். இப்பவே அனுப்புறன்," என்றார் அவர்.

வந்த நிரலைப் பொதிக்குள்ளேயே வைத்துக் கட்டினாள். இனி அந்தக் கண்கள் வெளியே எதையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. பொதியை அவன் கண்களில் ஏற்றிவிட்டு, எதிரில் உட்கார்ந்தாள்.

மணிமாறன் இமைகளைச் சிமிட்டினான்.

"அழுதியா? கண்மை கன்னமெல்லாம் வழிஞ்சிருக்கு."

"ஆமா," என்றவள், அதைத் துடைக்காமல் சிரித்தாள். "நல்லாப் பாத்துக்க."