கோபுரத்துக்கு ஒரு கத்தி

“இதுல ஒண்ணத்தான் இடுப்புல சொருகிட்டு ஏறலாம். எத எடுப்பே?”

முகம்மது மைதீன் மேசைமேல் விரித்திருந்த பழைய தினத்தாளைக் காட்டினார். அதில் நான்கு கிடந்தன. உறையோடு ஒரு நீளக் கத்தி. மடக்குக் கத்திகள் இரண்டு. ஒன்றுக்கு இரும்புப் பிடி, மற்றதற்கு ரப்பர் பிடி. நாலாவது, குறடும் ரம்பமும் திருப்புளியும் கத்தியும் ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கிக் கிடக்கும் வெளிநாட்டுச் சாமான்.

சங்கிலிபூதத்தான் உள்ளங்கை வேர்வையைப் பேன்ட்டில் துடைத்தான். தொண்டைக்குள் இருமல் முட்டியது. விழுங்கிக்கொண்டான்.

மைதீன் மேலப்பாளையத்துக்காரர். ஓமன் மலைகளில் கரண்டுக் கோபுரம் நிறுத்தும் கம்பெனியில் போர்மேன். லீவில் வந்தவர், தன்னோடு ஜோடியாக மேலே ஏற ஓர் ஆளைத் தேடி ஜங்ஷன் லாட்ஜில் ரூம் போட்டிருந்தார். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாம் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்கள். மிச்சம் இவனும், வராந்தாவில் காத்திருக்கும் பத்தமடைக்காரனும்தான்.

இதுவும் போனால் கல்குவாரி. வள்ளியூர்ப் பக்கம் கரண்டு எடுக்கிற காத்தாடிக் கோபுரம் நடுகிற வேலை முடிந்த கையோடு அங்கேதான் போனான். அவன் அப்பாவைத் தின்ற தூசி அது. இப்போது மகனின் நெஞ்சிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

“என்னவே, பொண்ணு பாக்க வந்தீரா? கையில எடுத்துப் பாரும்,” என்றார் கதவோரம் நின்ற தில்லைநாயகம். ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட்.

சங்கிலி நீளக் கத்தியை உருவினான். பட்டையான இரும்பு, நல்ல கனம்.

“இது வேண்டாம் பாய்.”

“ஏன்? கொண்டா பாப்போம்.”

பிடியை அவர் பக்கம் திருப்பி, மரியாதையாக மேசையில் வைத்தான். “கறி வெட்ட ஆகும். ஏறும்போது பெல்ட்டுல மாட்டி இழுக்கும். ஆள் சறுக்குனா நம்ம தொடையிலதான் ஏறும்.”

மைதீனின் வலது கை மேசைக்கு மேலே விரித்தபடியே நின்றது. எங்கோ அடிபட்டு மடங்காமல் போன கை போலிருக்கிறது. பார்க்கக் கூடாதென்று சங்கிலி கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

“அந்தக் குறடு? துபாய்க்காரன்லாம் அதத்தான வாங்கிட்டு வாரான்?”

சங்கிலி அதை விரித்தான். விரிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. மூட்டு ஒவ்வொன்றையும் நகத்தால் தடவினான்.

“தரையில நின்னு வேல செய்ய நல்ல சாமான். மேல ஒரு கை எப்பவும் கம்பியில இருக்கணும்லா பாய்? ரெண்டு கையால இத யாரு தொறக்கது? மூட்டுல மணல் போனா இறுகியும் போவும்.”

“சரி, அத இங்கன தா.”

மடக்கி, சத்தமில்லாமல் அவர் முன்னே வைத்தான்.

“இரும்புப் பிடி?”

“ஓமன் வெயில்ல சுட்டுரும். வேர்வைக்கு வழுக்கவும் செய்யும்.”

“அப்பம்?”

ரப்பர் பிடிக் கத்தியை எடுத்தான். ஒற்றைக் கையில் பிடித்துக் கட்டைவிரலால் தள்ளினான். டக்கென்று திறந்து பூட்டிக்கொண்டது. அழுத்திப் பார்த்தான், மடங்கவில்லை. தில்லைநாயகம் எறிந்த நைலான் கயிற்றை முழங்காலில் சுற்றி ஒரே இழுப்பில் அறுத்தான்.

“இதுதான் பாய். கயிறு கால்ல சுத்திக்கிட்டா நம்ம உசிரு இதுல இருக்கு.”

மைதீனின் முகத்தில் முதல்தடவையாகச் சிரிப்பு வந்தது. “பலே! தா அத.”

சங்கிலி கத்தியை மடக்கினான். பிடியைத் திருப்பி மேசையில் வைத்தான். அதுவரை அடக்கியிருந்த இருமல் அப்போதுதான் பீறிக்கொண்டு வந்தது. குனிந்து, வாயைப் பொத்தி, கண்ணில் நீர் வழிய இருமினான்.

நிமிர்ந்தபோது மைதீனின் சிரிப்பு போயிருந்தது.

“தில்லைநாயகம், பத்தமடைக்காரன வரச் சொல்லும்.”

“பாய்! இது வெறும் குவாரித் தூசி பாய். ரெண்டு வாரத்துல விட்டுரும்.”

“அது மலைக்காத்துல தன்னால போயிரும். நான் இருமலச் சொல்லல.”

“அப்பம் கத்தி தப்பா?”

“காலையிலேர்ந்து வந்தவன்ல கத்திய ஒழுங்கா எடுத்தது நீ ஒருத்தன்தாம்லே.”

“பெறகு என்ன பாய்? வேற கதி கெடையாது பாய்.”

மைதீன் மேசையைப் பார்த்தார். “மூணு தடவ கத்தியக் கேட்டேன். மூணு தடவையும் மேசையில வச்சே.”

சங்கிலி விழித்தான். “கத்தியக் கையில குடுத்தா பகை வரும்லா? வைக்கதுதான பாய் மொறை?”

“எங்க வீட்டுலயும் அதான் மொறை. அருவாளத் தரையில வச்சாத்தான் எம் பொண்டாட்டி எடுப்பா.”

“இனிமே கையில தாரேன் பாய்.”

“பயந்து நிக்கும்போது மூளை தராது தம்பி. கைப்பழக்கம்தான் தரும்.”

சங்கிலி அந்த வலது கையைப் பார்த்தான். விரல்கள் மடங்கின, மறுபடி விரிந்தன. அதில் ஒரு கோளாறும் இல்லை.

“அங்கன நான் கயித்துல தொங்கிக்கிட்டு இந்தக் கைய நீட்டுவேன்,” என்றார் மைதீன். “எனக்கும் ஒனக்கும் நடுவுல மேசை கெடையாதுலே.”