ஐம்பத்தாறாம் நம்பர்

“ஆள் எடுக்க வர்றவங்க எல்லாம் காலையிலேயே பார்த்துட்டுப் போயிட்டாங்க. நீதான் கடைசி” என்றார் கோச் ஹோலிஸ்.

ரூஃபஸ் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பார்வையாளர் படியில் மெல்ல உட்கார்ந்தார். இப்படி ஈரமான கல்லூரி மைதானங்களில், ஆறிப்போன காபியோடு, அடுத்தவன் பிள்ளைகளை எடைபோட்டே அவருடைய பாதி ஆயுள் போயிருந்தது.

“எவன்?”

“அம்பத்தாறு. ஏமஸ்.”

அலபாமாவின் நவம்பர் தூறலில் கீழே அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பந்தை எறிபவனுக்கு முன்னால் ஐந்து தடியர்கள் மதில்போல நின்றார்கள். அந்த மதிலைத் தாண்டிப் போய், பந்து கையை விட்டுப் போவதற்குள் அவனைச் சாய்ப்பதுதான் ஐம்பத்தாறின் வேலை.

பந்து அசைந்ததும் அவன் கிளம்பினான். வெளிப்பக்கமாகப் போவதுபோலத் தோளைக் காட்டினான். தடுக்க வந்தவன் நம்பிச் சாய, அவன் கையைத் தட்டிவிட்டு உள்ளே புகுந்தான். எறிபவன் என்ன ஏதென்று பார்ப்பதற்குள் சேற்றில் கிடந்தான்.

ரூஃபஸ் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “கை எப்பப் போகுதுன்னே தெரியல பாரு. அந்த வயசுல எனக்கும் அப்படி ஒரு கை இருந்துச்சு.”

“இருந்துச்சு, இருந்துச்சு. என்னையே எத்தனை தடவை மல்லாக்கப் போட்டிருக்க!”

“உன்னை யாரு தள்ளினாலும் விழுவ.”

ஹோலிஸ் சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே நின்றுபோனது. “காசுக்கு ஆடப் போறானா இல்லையான்னு திங்கட்கிழமைக்குள்ள அவன் முடிவு சொல்லணும், ரூஃபஸ். சரின்னு சொன்னா ஏப்ரல்ல பெரிய கிளப்புங்க அடிச்சுக்கிட்டு எடுப்பாங்க. ஊரே குதிக்குது. அவன் மட்டும் உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான்னு நிக்கிறான்.”

“என்கிட்டயா? எதுக்கு?”

“உன்னைவிட இந்த ஆட்டம் தெரிஞ்சவன் இங்க யாரு இருக்கா?”

கீழே மறுபடியும் பந்து அசைந்தது. இந்த முறை ஏமஸின் தலையும் தடுப்பவனின் தலையும் மோதிய சத்தம் படிவரை கேட்டது. ஏமஸ் எழுந்தான், தலையை உதறினான், எதிரணி நிற்கும் பக்கமாக நடக்க ஆரம்பித்தான். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்துத் திருப்பிவிட்டார்கள். பையன்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

ரூஃபஸ் சிரிக்கவில்லை. “எவன் அவன்? பேரென்ன?”

“அம்பத்தாறு. ஏமஸ்” என்றார் ஹோலிஸ், முதல் தடவை சொல்வதைப் போலவே.

பயிற்சி முடிந்து ஏமஸ் மேலே ஏறி வந்தான். முழங்கையில் ரத்தம் உறைந்திருந்தது. பரீட்சை முடிவுக்கு நிற்பவனைப் போல ரூஃபஸ் எதிரே நின்றான்.

“நல்லா இருக்கீங்களா, சார்?”

“எனக்கென்ன? முழங்கால் ரெண்டும்தான் வேற யாரோடதோ மாதிரி இருக்கு. உக்காரு. தலை வலிக்குமா உனக்கு?”

“இல்ல, சார்.”

“கேட்டா நானும் இப்படித்தான் சொல்லுவேன். உண்மையைச் சொல்லு.”

ஏமஸ் ஹோலிஸைப் பார்த்தான். ஹோலிஸ் மைதானத்தைப் பார்த்தார்.

“சில நாள் வலிக்கும். காலைல எழுந்தா வெளிச்சத்தைப் பார்க்க முடியாது.”

ரூஃபஸ் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். “மத்தவங்க என்ன சொன்னாங்க?”

“பிரமாதம்னாங்க.”

“பிரமாதம்தான். நான் பார்த்த பசங்கள்ல உன்னை மாதிரி ரொம்பக் கொஞ்சம் பேரு. முதல் அடி அவ்வளவு வேகம். தோளை இறக்குற விதம் இருக்கே, அதுக்காகவே எடுப்பாங்க. பெரிய ஆட்டத்துல நீ நிப்ப. அதுல சந்தேகமே இல்ல.”

அதைக் கேட்டும் ஏமஸின் முகம் மலரவில்லை. “அப்ப, போகலாமா சார்?”

ரூஃபஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“என்கூட ஆடினவன் ஒருத்தன் இருக்கான். தங்கமான ஆளு. இப்பக் கடைக்குப் போனா வீட்டுக்கு வழி தெரியாது. பாவம், அவன் பொண்டாட்டி கூடவே நடக்குறா. அவன் பேரு...” அவர் உதடு அசைந்தது. பெயர் வரவில்லை. “நல்ல பேரு அவனுக்கு. ஹோலிஸ், அவன் பேரென்ன?”

“விடு, ரூஃபஸ்” என்றார் ஹோலிஸ். அவர் தோளில் கை வைத்தார்.

ரூஃபஸ் ஏமஸ் பக்கம் திரும்பினார். “சரக்கு எப்படின்னு சொல்றதோட என் வேலை முடிஞ்சுது, தம்பி. சரக்கு முதல் தரம். மத்ததைச் சொல்ல நான் யாரு? ஆனா நீ என் பையனா இருந்தா, அந்த ஹெல்மெட்டை இப்பவே புடுங்கி வெச்சிருப்பேன். என்னைத் திட்டினாலும் பரவாயில்லன்னு.”

தூறல் வலுத்தது. ஏமஸ் வீட்டில் செய்வதுபோலவே குனிந்து, குளிரில் திறந்து கிடந்த ரூஃபஸின் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டிவிட்டான்.

“நான் போகல, அப்பா.”