காமெட்டின் நெற்றிப் பொட்டு

படப்பிடிப்பில் இடறி விழுந்த காமெட்டுக்கு முன்னங்கால் முறிந்துவிட்டது. அந்தக் குதிரை மேல் உட்கார்ந்து கிடாரும் கையுமாகப் பாடியே ஹாலிவுட்டில் பெயர் வாங்கிய கவ்பாய் ரஸ்டி டெல்வுட், கன்னத்து மச்சத்தில் அப்பிய புழுதியைத் துடைத்தபடி எழுந்தான்.

"ஆறு வருஷமா உங்கள சுமந்த ஜீவன்ணே!" குதிரைக்காரன் ஓர்வில் அழுதான்.

"அதுக்கு? சுட்டுத் தள்ளுடா. வேற குதிரைக்கு நெத்தியில வெள்ளையா பொட்டு வச்சு ஓட்டிட்டு வா. காமெட்டுங்கிற பேரு கம்பெனியோடது. படம் பாக்குற பொடிசுங்களுக்கு என்ன தெரியப்போவுது?"

கேட்டுக்கொண்டிருந்த படக் கம்பெனி முதலாளி தலையாட்டினார்.

அடுத்த மாதம் ரஸ்டிக்குத் தொண்டையில் ஆபரேஷன். கட்டுப் பிரித்ததும், கரகரத்த குரலோடு ஸ்டுடியோவுக்கு வந்தவனைப் புதுக் காவலாளி மறித்தான்.

"நான்தான்யா ரஸ்டி டெல்வுட்!"

"அவரு உள்ள குதிரை மேல பாடிட்டிருக்காரு. நீ யாரு?"

உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. பிரஷ்ஷும் கையுமாக ஓர்வில் வெளியே வந்தான்.

"புது ஆளுக்கு மச்சம் வச்சதே நான்தாண்ணே. ரஸ்டிங்கிற பேரும் கம்பெனியோடதாம்."

ரஸ்டி தன் கன்னத்து மச்சத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"நல்ல வேளைண்ணே," என்றான் ஓர்வில். "உங்கள யாரும் சுடச் சொல்லல."