நெய்தல் கண்களுக்கு நிறம்

சேவியரின் செயற்கைக் கண்கள் ‘நெய்தல்’ என்ற இயங்குதளத்தில் ஓடுபவை. உலகத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரிடம்தான் அது இருந்தது. நிறம் காட்டும் மென்பொருள் அதற்குக் கிடையாது. ஒன்பது வருடமாகப் பயனர் மன்றத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். நிறுவனத்தின் பதில் மாறவே இல்லை: பத்தாயிரம் பேராவது பயன்படுத்தினால் பார்க்கலாம்.

இன்று காலை மன்றத்தைத் திறந்தவர் அசையாமல் உட்கார்ந்துவிட்டார். நெய்தல் பயனர்கள் பத்தாயிரத்து நான்கு பேர். முன்பின் தெரியாதவர்களெல்லாம் தங்கள் கண்களில் அதை ஏற்றியிருந்தார்கள்.

“ஒரு வாரம் நிறம் தெரியலேன்னா செத்தா போயிடுவோம்? அவங்க எண்ணி முடிக்கட்டும்ணே,” என்று ஒருவர் எழுதியிருந்தார்.

சமையலறையிலிருந்து மனைவி ரெஜினா இரண்டு தக்காளியோடு வந்தாள். அவளுடையவையும் செயற்கைக் கண்கள்தான்; ஆனால் எல்லோரும் வைத்திருக்கும், நிறம் காட்டும் சாதாரண இயங்குதளத்தில் ஓடுபவை. வீட்டில் பழத்தையும் காயையும் பிரித்துக் கொடுப்பவள் அவள்தான்.

“இதுல எதுங்க பழம்? எனக்குத் தெரியல.”

சேவியர் இரண்டையும் மெல்ல அழுத்திப் பார்த்தார். ஒன்றை அவளிடம் நீட்டினார்.

“நீயுமா?”

“முந்நூத்திப் பதிமூணாவது ஆளே நான்தான்.”