கெடாத லினக்ஸ்

“மாப்ள, தப்பா நினைக்காதீங்க. இந்த லினக்ஸும் நமக்கு ஒத்து வரல.”

ராஜகீழ்ப்பாக்கம் வீட்டு வாசலில் கார்த்தி செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் மாமனார் தயாளன் குண்டைத் தூக்கிப் போட்டார்.

“இப்போ என்ன ஆச்சு மாமா?”

“ஸ்கிரீன் முழுக்க நீலமா கீது, கண்ணு கூசுது.”

அது போன வாரம் போட்ட ஃபெடோரா வகை லினக்ஸ். அதற்கு முன்னால் மாண்ட்ரிவா போட்டபோது, பெயர் வாயில் நுழையவில்லை என்றார். முதன்முதலில் போட்ட உபுண்டு பழுப்பாக இருந்ததாம். காலையில் எழுந்ததும் அந்த நிறத்தில் விழித்தால் நாள் விளங்காது என்று தள்ளிவிட்டார்.

குற்றம் கார்த்தியுடையதுதான். தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை, பட்டாசு வெடித்தோமா பலகாரம் தின்றோமா என்று இருந்திருக்க வேண்டும். மாமனாரின் லேப்டாப்பில் வைரஸ் என்று காதில் விழுந்ததும் பாய்ந்து போய் விண்டோஸை அழித்துவிட்டு, அதற்குப் பதிலாக வைரஸ் அண்டாத லினக்ஸைப் போட்டான். “எல்லாம் இலவசம் மாமா. அடிப்படை ஒண்ணுதான், ஆனா சாம்பார் மாதிரி ஆளுக்கு ஆள் கைமணம் மாறும். எது பிடிக்குதோ அதை வெச்சுக்கலாம்” என்று பெருமை வேறு அடித்துக்கொண்டான்.

மாமனார் அந்தக் கடைசி வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பம்மலிலிருந்து மனைவி நிஷாவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வருவதும், புது லினக்ஸ் போடுவதும், அது அப்டேட் ஆகி முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடுவதுமாக அவன் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

மாமியார் வீட்டு மட்டன் குழம்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் சாப்பிட உட்கார்ந்தால் அவனுக்கு அம்மா ஞாபகம் வந்துவிடும். ரேணுகாம்பாளுக்கு அவன் ஒரே பிள்ளை. வாரம் முழுக்க ஆபீஸ், வீட்டில் இருக்கக் கிடைப்பது ஒரே ஒரு ஞாயிறு. அதையும் மாமனாருக்கே தாரை வார்த்துவிட்டால் பெற்ற மனசு என்ன பாடுபடும் என்று நினைத்து நினைத்து உருகினான்.

இன்று காலை கிளம்பும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னையோட இந்தத் தொல்லை தீர்ந்ததும்மா. கெடவே கெடாத லினக்ஸ் ஒண்ணு வெச்சிருக்கேன். அடுத்த ஞாயித்துக்கிழமைலேர்ந்து நான் உங்ககூடத்தான்” என்றான். ரேணுகாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று கார்த்தி எடுத்துக்கொண்டான்.

பையிலிருந்து சிடியை எடுத்தான். “மாமா, இது டெபியன்.”

“இது எப்டி?”

“கல்லு மாதிரி. பல தடவை சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் வெளியவே விடுவாங்க. ஒரு தரம் போட்டா வருஷக்கணக்கா தொட வேணாம்.”

தயாளன் முகத்தில் ஈயாடவில்லை. “வருஷக்கணக்காவா?”

“ஆமா மாமா. நான் வர வேண்டிய அவசியமே இருக்காது.”

“அப்டி ஒரேடியா கெடாமலே இருந்தா நல்லாவா இருக்கும்? ஒரு பொருளுன்னா அப்பப்போ கெடணும் மாப்ள.”

சமையலறையிலிருந்து நிஷா எட்டிப் பார்த்தாள். “ஏன் இப்படி அவசரப்படுறீங்க? இன்னும் ரெண்டு மூணு போட்டுப் பார்த்து அப்பாவுக்குப் பிடிச்சதா செலக்ட் பண்ணுங்களேன்.”

பெற்ற மகள் அப்பா பக்கம்தானே பேசுவாள். கார்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு சிடியை உள்ளே தள்ளினான்.

டெபியன் அவன் மானத்தைக் காப்பாற்றியது. சவுண்டு வந்தது, இன்டர்நெட் வந்தது, எதற்கும் மசியாத பிரிண்டர்கூட மசிந்தது. தயாளன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குறை தேடினார்.

“எழுத்து பொடிசா கீதே?”

கார்த்தி பெரிதாக்கினான்.

“தமிழ் பேப்பர் தெரியுமா?”

தெரிந்தது.

“சீட்டாட்டம்?”

அதுவும் இருந்தது.

“கலரு?”

“என்ன கலர் வேணும்னு சொல்லுங்க, மாத்திடறேன்.”

தயாளன் நெற்றி வேர்வையைத் துடைத்தார். “இன்னா மாப்ள, ஒரு கொறையும் சொல்ல முடியலியே” என்றார், நிஜமான கவலையோடு. பிறகு, தயிர் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

கார்த்தி சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டான். இனி ஞாயிற்றுக்கிழமை அவனுடையது. மகனுக்கு மகனாக வீட்டோடு இருந்து, அம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசை செய்யலாம்.

வீட்டு டெலிபோன் அடித்தது. “கையெல்லாம் மசாலா, நீங்களே எடுங்க” என்று நிஷா குரல் கொடுத்தாள். எடுத்துக் காதில் வைத்தான். ஹலோ சொல்வதற்கு இடமே தராமல், அம்மாவின் குரல் ரகசியமாகப் பாய்ந்து வந்தது.

“அண்ணா, ரேணுகா பேசறேன். பையன் பக்கத்துல கீறானா? கீறான்னா வாயத் தொறக்காதீங்க, உம் மட்டும் கொட்டுங்க.”

கார்த்தி “உம்” என்றான்.

“கெடாத லினக்ஸாம், இன்னிக்கி தூக்கினு வந்துகிறான். எதுனா சாக்கு சொல்லி வேற கேளுங்கண்ணா. இத்தினி வாரம் எனக்காவ சமாளிச்சீங்க, இப்பப் போயி கைய வுட்றாதீங்க. அவன் ஞாயித்துக்கெழம வூட்ல இருந்தா, நல்லா ஓடிக்கினு இருக்கற மிக்சி, டிவி எல்லாத்தையும் சரி பண்றேன்னு பிரிச்சிப் போட்டுர்றான். வாரத்துல இந்த ஒரு நாளுதான் நானும் அவங்கப்பாவும் நிம்மதியா கீறோம்!”

கார்த்தி மறுபடியும் “உம்” என்றான்.